கல்குழி பேசிய வருஷம்

வடக்குப்பாறையில் கல்குழித் தண்ணீர் பேச ஆரம்பித்தது, முப்பிடாதியின் ஒரே மகள் சுபலட்சுமியை அடக்கம் பண்ணிவிட்டு ஊர் ஆம்பளைகள் தலைமுழுக வந்த ஒரு சித்திரை மத்தியானத்தில். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, பெரிய குளம் வறண்டு அதற்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது, கல் உடைக்க வந்தவர்கள் தோண்டியது போதும் என்று விட்டுவிட்டுப் போன அந்தப் பள்ளத்தில் மட்டும்தான் கோடையிலும் தண்ணீர் கிடந்தது, அதனால் கல்யாணத்துக்கு முழுகுவதும் சாவுக்கு முழுகுவதும் எருமையைக் குளிப்பாட்டுவதும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையை எறிந்துவிட்டுக் குதிப்பதும் எல்லாம் அங்கேதான். அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனதே அந்தத் தண்ணீர்தான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், ஆனால் அந்தச் சொல் ஆம்புலன்ஸோடு வந்து முப்பிடாதியின் வீட்டுக்குள் நுழைந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது, வெளியே வரவில்லை. சாவுக்குப் போனவன் தலைமுழுகாமல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, தலைமுழுகக் கல்குழியை விட்டால் வேறு இடமில்லை, ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதலில் முழுகியவர் ஊர்த்தலைவர் ஆவுடையப்பன். முழுகியவர் உடனே எழவில்லை, தண்ணீருக்குள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூச்சு முட்டியதும் எழுந்து, துண்டைக்கூடப் பிழியாமல் சொட்டச் சொட்ட நடந்து முப்பிடாதி வீட்டுக்கு வந்து நின்றார்.

“தாயி, உம்பிள்ள தண்ணிக்குள்ள இருந்து பேசுதா. ‘யம்மா, கேஸை மூடுனியா’ன்னு கேக்கா. எதுக்கும் போய் ஒரு எட்டுப் பாத்துக்கோ” என்றார், ஏதோ பக்கத்து ஊரில் இருக்கிற பிள்ளை போன் பண்ணிச் சொன்னதைச் சொல்லுகிறவர் மாதிரி.

முப்பிடாதி எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிய அன்றைக்கு அவசரத்தில் திருகாமல் விட்ட சிலிண்டர் அப்படியே திறந்து கிடந்தது. மூடிவிட்டு வந்து மறுபடியும் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் பேசுகிறதா இல்லையா என்கிற விசாரணை வடக்குப்பாறையில் அத்தோடு முடிந்தது.

முப்பிடாதி யார் என்று சொல்லிவிட வேண்டும். ஊரின் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டு ஏற்றி, காலையில் வடக்குத் தெருவுக்கும் சாயங்காலம் தெற்குத் தெருவுக்கும் வால்வைத் திருகிக் குடிதண்ணீர் விடுகிற வேலை அவளுக்கு. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்குவதும் அவள்தான். கொஞ்சம் கூடினால் “என்னட்டி, காப்பி ஆஸ்பத்திரி வாசம் அடிக்கி” என்று தெருவே சண்டைக்கு வரும், வராமல் இருக்கக் குறைத்துப் போடுவாள். ரப்பர் பால் வெட்டக் கேரளாவுக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான், ஆக அவளுக்கு இருந்தது அந்த மோட்டார் ரூம் சாவியும் சுபலட்சுமியும்தான். ஏழாம் வகுப்புப் படித்த பிள்ளை, வாய் ஓயாத பிள்ளை, தண்ணீரில் விழுந்தால் கூப்பிடக் கூப்பிட வெளியே வராத பிள்ளை.

காய்ச்சல் என்று படுத்தாள், தலை வலிக்கிறது என்று சுவரில் முட்டினாள், கழுத்தைத் திருப்ப முடியாமல் போனது, பிறகு அம்மாவையே யாரென்று தெரியாமல் பார்த்தாள். டாக்டர் முப்பிடாதியை உட்காரவைத்துத்தான் சொன்னார். சூடேறிக் கிடக்கிற தண்ணீரில் அமீபா என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பிராணி இருக்கும், குடித்தால் ஒன்றும் செய்யாது, குதிக்கும்போதோ முங்கும்போதோ மூக்கு வழியாக ஏறிவிட்டால் மூளைக்குப் போய் மூளையைத் தின்றுவிடும், லட்சத்தில் ஒருவருக்குத்தான் அப்படி ஆகும், அந்த ஒருவராக உங்கள் பிள்ளை ஆகிவிட்டாள். இவ்வளவும் சொன்ன டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பிடாதிக்குத் ‘தின்றுவிடும்’ என்பது மட்டும்தான் கேட்டது.

தண்ணீர் பேசியதும் அவள் போட்ட கணக்கு நேரானது. தின்ற பிராணி கல்குழியைச் சேர்ந்தது, தின்றது அதன் வயிற்றில்தானே இருக்கும், வயிற்றில் இருப்பது பேசாமல் என்ன செய்யும்? மண்ணுக்குள் போன தலையில் இருந்தது எப்படித் திரும்பத் தண்ணீருக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. காலையில் போன பஸ் சாயங்காலம் திரும்பி வருகிறது, அதைப் போய் யார் கேட்கிறார்கள்.

கரையில் நின்றால் ஒரு சத்தமும் வராது. காது தண்ணீருக்குள் போக வேண்டும், போனதும் சுபலட்சுமி பேசுவாள், சுற்றிலும் எல்லாப் பக்கமிருந்தும் பேசுவாள், நாளைக்கு வெள்ளை யூனிபாரம் போட வேண்டும் என்பாள், பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் இடறி முதலிலிருந்து ஆரம்பிப்பாள், தெற்குத் தெரு நாய் குட்டி போட்டதைச் சொல்லுவாள், அம்மா தூங்கிவிட்டாள் சத்தம் போடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சத்தமாகச் சிரிப்பாள். பிள்ளை உயிரோடு இருந்தபோது வாயால் சொன்னதும் மனசுக்குள் சொல்லிக்கொண்டதும் எல்லாம் கலந்து வந்தது. முப்பிடாதி முதல் தடவை முழுகியபோது தண்ணீருக்குள்ளேயே வாயைத் திறந்து “நான் வந்திருக்கேன்ட்டி, இங்கனதான் இருக்கேன்” என்று கத்தினாள், குமிழி போனதே தவிரப் பதில் இல்லை. அது தின்றதைச் சொல்லும், கேட்பதற்கு அதற்குக் காது கிடையாது என்பது அவளுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது, விளங்கியும் மறுநாள் போனாள், அதற்கு மறுநாளும் போனாள்.

ஊரும் போனது. நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் அதில் தனக்கு என்ன ஆகும் என்று பார்க்கத் தெரிந்த ஊர் அது. வீட்டு வீட்டுக்கு ஓடித் திரிந்த பிள்ளை என்பதால் சுபலட்சுமிக்குத் தெரியாதது இல்லை. காணாமல் போன தேங்காய் உரிக்கும் கம்பி எந்த வைக்கோல் படப்புக்குப் பின்னால் கிடக்கிறது, யார் வீட்டுச் சாவி எந்த மாடத்தில் இருக்கும், எந்த மருமகள் எந்த மூலையில் உட்கார்ந்து அழுகிறாள் என்று தண்ணீர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. மாமியார்கள் கொஞ்ச நாள் வாயை அடக்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூட டீச்சர் பரீட்சைக்கு முன்னால் வகுப்பையே கூட்டிவந்து முங்கவைத்தாள், ஏழாம் வகுப்பு முழுக்கப் பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் ஒரே இடத்தில் இடறியது.

அதற்குள் டாக்டர் சொன்னதும் மெல்ல ஊருக்குள் கசிந்துவிட்டது. மூக்கில்தானே வினை, மூக்கை அடைத்துவிட்டால் போயிற்று என்று ஊர் முடிவுக்கு வந்தது. துணி காயப்போடுகிற கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு முங்கினார்கள். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த செல்லக்கனி பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கிளிப்புகளைச் சரமாகக் கோத்து வாசலில் தொங்கவிட்டாள், அவளுடைய மகன் முகேஷ் வகுப்புக்கு ஒரு நிறம் என்று பிரித்து விற்றான். மத்தியானம் கல்குழிப் பக்கம் போனால் மூக்கு நுனியில் ஆளுக்கொரு கிளிப்போடு பெரிய மனிதர்கள் நிற்பதைப் பார்க்கலாம். சிரிப்பு வரும், ஆனால் அந்த வருஷம் வடக்குப்பாறையில் செய்த காரியங்களிலேயே புத்தியான காரியம் அது ஒன்றுதான்.

சுகாதாரத்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, வேனில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளோடு வந்து மோட்டார் ரூமில் இறக்கிவிட்டு, முப்பிடாதியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“அக்கா, உங்ககிட்டப் போய்ச் சொல்றேனேன்னு இருக்கு. ஆனா இந்த ஊர்ல தண்ணிக்கு மருந்து போடறது நீங்கதானே. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அந்தக் குழியில கொட்டிடுங்க. இன்னொரு பிள்ளைக்கு வரக் கூடாது.”

“இத போட்டா அதுக எல்லாம் செத்துருமாம்மா?”

“மொத்தமா செத்துரும்க்கா.”

“ஒண்ணுகூட மிஞ்சாதா?”

“மிஞ்சாது” என்றாள் அந்தப் பெண், நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தோடு.

முப்பிடாதி ஒரு மூட்டையைப் பிரித்து, கல்குழிக் கரையைச் சுற்றிக் கோலம் போடுகிறவள் போலக் கொஞ்சம் தூவிவைத்தாள். தண்ணீரில் ஒரு பொட்டு விழவில்லை. மறுபடி வந்து பார்த்த பெண் மூக்கை உறிஞ்சி, வாசம் பலமாக இருக்கிறது என்று திருப்தியாகப் போனாள். ஊருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் எல்லாரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டார்கள், பெற்றவள் ஏதோ கேட்டுவிட்டுப் போகட்டும் என்று சொன்னார்கள், தங்களுக்கும் கேட்க வேண்டியது பாக்கி இருந்ததைச் சொல்லவில்லை. செல்லக்கனி மட்டும் ஒரு நாள் குடத்தை வைத்துவிட்டு, “மைனி, பிள்ளைய நிம்மதியா விட்டுரலாம்லா?” என்று கேட்டாள். “உனக்கு என்னட்டி, உம்பிள்ள வீட்டுல இருக்கான்” என்றாள் முப்பிடாதி. செல்லக்கனி குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்ன நாக்கை முப்பிடாதி பின்னால் எத்தனையோ தடவை நொந்துகொண்டாள்.

ஐப்பசியில் மழை விழுந்தது, ஊரே சந்தோஷப்பட்டது, கல்குழியில் புதுத் தண்ணீர் சேரச் சேர சுபலட்சுமியின் குரல் தேய்ந்தது. மார்கழிக் குளிரில் அடிவரை முங்கிப் போனால்தான் யாரோ தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஏதோ ஒன்று கேட்டது, அதுவும் சில நாள் கேட்கவில்லை. ஊரில் மற்றவர்கள் வெயில் வருமே என்று பயந்துகொண்டிருந்த காலத்தில் முப்பிடாதி மட்டும் வெயிலுக்கு ஏங்கினாள், தினமும் கல்குழியில் கையை வைத்துச் சூடு பார்த்தாள். மாசி கழிந்து தண்ணீர் வெதுவெதுப்பானதும் பிள்ளை மறுபடி பேசினாள், போன வருஷத்தைவிடத் தெளிவாகப் பேசினாள். பிராணி பெருகினால்தான் குரல் பெருகும் என்பது முப்பிடாதிக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தே சந்தோஷப்பட்டாள்.

அந்தப் பங்குனியில்தான் ஊர் ஒரு காரியம் செய்தது. கல்யாணம் ஆகாமல் செத்த பெண்பிள்ளையைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வீட்டுக்குள் ஒரு ஓலைப்பெட்டியில் பாவாடையும் வளையலும் பவுடரும் வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் படைத்துவிட்டு மூடிவிடுவார்கள். சுபலட்சுமி வாய் திறந்து பேசுகிற கன்னி, அவளை எப்படி ஒரு வீட்டுப் பெட்டிக்குள் வைப்பது, அவள் ஊருக்கே கன்னி என்று தீர்மானமாகி, கல்குழிக் கரையில் செங்கல் பீடம் எழும்பி, பட்டுப்பாவாடை சாத்தி, சர்க்கரைப் பொங்கல் வைத்து, ஒலிபெருக்கி கட்டி, ஜனம் எல்லாம் முங்குவதற்கு வரிசையில் நின்றது. வழக்கம்போல மூக்கில் கிளிப்போடுதான் நின்றது.

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. “கழத்துங்க அத! தெய்வத்துக்கு முன்னால மூக்கப் பொத்திக்கிட்டா நிப்பிய? என்ன, அவளுக்க தண்ணி நாறவா செய்யி? அவ நம்ம பிள்ள, நம்மள என்ன செஞ்சிருவா?”

நியாயம்தானே என்று தோன்றியது எல்லாருக்கும். சாமி முன்னால் செருப்பைக் கழற்றுகிற மாதிரி கிளிப்பைக் கழற்றிப் பீடத்தடியில் வைத்தார்கள், பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக அது ஒரு குவியலாகச் சேர்ந்தது. முப்பிடாதி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். மோட்டார் ரூமில் மிச்ச மூட்டைகள் பிரிக்காமல் கிடப்பது அவளுக்குத் தெரியும், தண்ணீர் எவ்வளவு சூடு என்று அவள் கைக்குத் தெரியும். ‘வேண்டாம், கிளிப்பைப் போடுங்க’ என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் தன் பிள்ளைக்கு ஊர் கைகூப்பிக்கொண்டிருந்தது, பட்டுப்பாவாடை காற்றில் ஆடியது, கிளிப்பைப் போடச் சொன்னால் அவள் தெய்வமில்லை, வெறும் நோய்தான் என்று தானே சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று அந்த வார்த்தையை முழுங்கிவிட்டாள்.

சித்திரையில் முகேஷுக்குக் காய்ச்சல் வந்தது. கடையில் கிளிப் விற்ற பிள்ளை, கன்னி கும்பிட்ட நாளிலிருந்து விற்பனை நின்றுவிட்டதால் மத்தியானமெல்லாம் கல்குழியில் கிடந்தான், சுபா அக்கா பேசுகிறாள் என்று முங்கி முங்கிக் கேட்டான், கேட்டதை வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தலை வலிக்கிறது என்று அவன் சொன்ன உடனேயே செல்லக்கனிக்கு விளங்கிவிட்டது, தூக்கிக்கொண்டு ஓடினாள், அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், தாமதிக்காமல் மருந்து ஏற்றினார்கள், ராப்பகலாகப் பார்த்தார்கள். பிள்ளை பிழைக்கவில்லை.

முகேஷை அடக்கம் பண்ணிவிட்டு வந்த ஆம்பளைகள் கல்குழிக்குப் போகவில்லை. மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். முப்பிடாதி வால்வைத் திருகிவிட்டாள், குழாய்த் தண்ணீரில் ஒவ்வொருவராகத் தலையை நனைத்துக்கொண்டு போனார்கள், ஆவுடையப்பன் கடைசியாக நின்று அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. ஊரில் நடந்தது ஊருக்குத் தெரியும், ஆனாலும் செல்லக்கனி பிள்ளையின் சாவுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட கை தன்னுடையது என்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் தள்ளுவண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனாள். கல்குழியில் அவளுக்கு முன்னால் செல்லக்கனி இருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தலையை முழுக்க உள்ளே விட்டிருந்தாள், மூக்கில் ஒன்றும் இல்லை, மூச்சு வாங்க எழுந்தவள் வண்டியையும் மூட்டையையும் பார்த்ததும் தட்டுத்தடுமாறி ஏறி ஓடிவந்து முப்பிடாதியின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

“மைனி, பேசுதான் மைனி. எம்பிள்ள பேசுதான். சுபா கூடவே பேசுதான், கடைய நான் பாத்துக்கிடுதேன் நீ போய்ச் சாப்பிடும்மான்னு சொல்லுதான். இன்னைக்குப் போடாதிய. ஒரு வாரம் விடுங்க. ஒரே ஒரு வாரம் மைனி.”

“விட முடியாது கனி.”

“உங்களுக்கு ஒரு வருஷம் விட்டுச்சுல்லா ஊரு? நான் ஏதாச்சும் சொன்னனா? ஊருக்குள்ள ஒருத்தர்ட்ட வாயத் திறந்தனா?”

“அதனாலதான் தாயி சொல்லுதேன்” என்றாள் முப்பிடாதி. தனக்குக் கிடைத்த வருஷத்தில் ஒரு வாரத்தைக் கிழித்து இவளுக்குக் கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பாள், மொத்த வருஷத்தையும் கொடுத்திருப்பாள், அந்த வருஷமே இல்லாமல் இருந்திருந்தால் போதும் என்று இருந்தது. பள்ளிக்கூடம் லீவு, இன்னும் கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வந்துவிடும்.

முப்பிடாதி வண்டியை எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்து அந்தப் பக்கத்துத் தண்ணீரில் சரித்தாள். வெள்ளையாகப் படர்ந்து, மெதுவாக இந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது. தூரத்தில் செல்லக்கனி கரையிலேயே உட்கார்ந்து தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். காலி மூட்டைகளைப் போட்டுவிட்டு முப்பிடாதி திரும்பி வந்தாள். தானும் ஒரு தடவை முங்கிவிடலாம், கடைசியாக ஒரு தடவை, அந்த வெள்ளை இங்கே வந்து சேர்வதற்குள் நேரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அவளுடைய உடம்பு முழுக்கத் தண்ணீரைப் பார்த்து இழுத்தது. அவள் முங்கவில்லை. செல்லக்கனியைக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கி, தானும் இடுப்பளவுக்கு இறங்கி, “கேளு தாயி, அது வாரதுக்குள்ள கேட்டுக்கோ” என்று சொல்லி, தன் இரண்டு விரலால் அவள் மூக்கை இறுக்கிப் பிடித்துத் தலையை மெல்ல உள்ளே அமுக்கினாள்.

செல்லக்கனி கேட்டாள். மூச்சுக்கு எழுந்தாள், முங்கினாள், எழுந்தாள், முங்கினாள், ஒவ்வொரு தடவையும் முப்பிடாதியின் விரல் அவள் மூக்கில் இருந்தது. தண்ணீருக்கு மேலே தலையை வைத்து நின்ற முப்பிடாதிக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, அடியில் அவளுடைய பிள்ளையும் பேசிக்கொண்டிருப்பாள், என்ன பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்துத் தண்ணீரையே குனிந்து பார்த்தாள். மருந்து வாசம் நெருங்கி வந்தது, கண் எரிந்தது, வெள்ளை அவர்கள் இடுப்பைத் தொட்டது. முப்பிடாதி செல்லக்கனியை வெளியே இழுத்தாள்.

“அடங்கிட்டு” என்றாள் செல்லக்கனி. “பேசிக்கிட்டே இருந்தவன் பாதியிலே அடங்கிட்டான்.”

இரண்டு பேரும் கரையேறி நனைந்த சேலையோடு உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. தெருப் பக்கமிருந்து பிள்ளைகள் வருகிற சத்தம் கேட்டது, ஆவுடையப்பன் குரல் அவர்களை விரட்டித் திருப்பி அனுப்புவதும் கேட்டது. தண்ணீர் வெறும் தண்ணீராகக் கிடந்தது. செல்லக்கனி தலைமுடியைப் பிழிந்து முடிந்துகொண்டாள். பிறகு, சண்டை போடுகிற குரலில் இல்லை, தெற்குத் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

“அன்னைக்கு அந்த வேன்ல வந்த பொண்ணு கொண்டாந்து இறக்குனாள்லா, அன்னைக்கே இதப் போட்டிருந்தா எம்பிள்ள இருந்திருப்பான், என்ன மைனி?”

முப்பிடாதி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமா தாயி” என்றாள். “இருந்திருப்பான்.”